அசையாத சாட்சி

“கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே தூங்கினாராம். கேட்டீங்களா இந்தக் கூத்தை?” என்றார் குவாக் அம்மா.

தென் கொரியாவின் தேகு நகரத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவி; சங்க அறையில் கூட்டம் கூட்டியிருந்தார். அவருடைய புது வெள்ளைக் காரின் பக்கவாட்டில் முழ நீளத்துக்கு ஒரு கீறல். கீறியவர் சொல்லாமல் போய்விட்டார். பட்டப்பகல், ஒன்றரை மணி. அந்த மூலைக்குக் கேமரா எட்டாது. காவலாளி அறையின் ஜன்னல் மட்டும் நேர் எதிரே இருக்கிறது.

காவலாளி பியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அறுபத்தாறு வயது. ஒரு நாள் முழுக்க வேலை, மறுநாள் ஓய்வு. பத்து வருஷமாக இப்படித்தான்.

“ஓய்வு நேரம்தாம்மா. சாய்வு நாற்காலியில படுத்திருந்தேன். முழிப்பு வந்துடுச்சு, எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. ஆனா ஒரு விரலைக்கூட அசைக்க முடியல. அமுக்குவான் பேய் மேல ஏறிடுச்சு.”

“கத்தரிக்கோலா?” என்றார் காது மந்தமான மா கிழவர். “அப்ப அதாலதான் கீறியிருக்கான்.”

எங்கள் கொரியப் பேச்சில் தூக்கத்தில் வந்து அமுக்குவதற்கும் கத்தரிக்கோலுக்கும் ஒரே சொல். யாரும் அவரைத் திருத்தவில்லை.

“சரி, யாரைப் பாத்தீங்க?” என்றார் குவாக் அம்மா.

“ஒருத்தர் வண்டியைப் பின்னால எடுத்தாரும்மா. அப்புறம் இறங்கி...”

நான் எழுந்தேன்.

இருபத்தெட்டு வருஷம் உயிரியல் வாத்தியாராக இருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கியவன் நான். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் எனக்கு அது வகுப்பறை. என் மனைவி சாப்பாட்டு மேஜையில்கூடக் கையைத் தூக்கிவிட்டுத்தான் பேசுகிறாள் என்று மகள் கேலி செய்வாள்.

“ஒரு நிமிஷம். அவரைத் திட்டாதீங்க. இது சோம்பேறித்தனம் இல்ல. கனவு காணும்போது நாம எழுந்து ஓடாம இருக்க, மூளை உடம்புக்குப் பூட்டு போட்டு வெக்கும். சில சமயம் கண்ணு முந்திக்கும், பூட்டு திறக்க லேட்டாகும். அவ்வளவுதான். தூக்கம் கெட்டவங்க, ஷிஃப்ட் வேலை பாக்கறவங்க, கவலையில இருக்கறவங்க, இவங்களுக்கு அதிகமா வரும். அப்ப பாதிக் கனவு கண்ணெதிர நடக்கும். ஒருத்தருக்குத் தலைவிரி கோலமா ஒரு பொம்பள வருவா, ஒருத்தருக்குக் கறுப்பு உருவம் வரும். இவருக்குக் கார் வந்திருக்கு. அதை வெச்சு ஒரு மனுஷன் மேல பழி போடலாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். “வாத்தியார்னா வாத்தியார்தான்யா. ஏழைக்காக எப்படிப் பேசறாரு பாரு” என்று யாரோ காகிதக் கோப்பையில் காப்பி நீட்டினார்கள். வாங்கிக் குடித்தேன். அந்தக் கணத்தில், பியோவுக்காகத்தான் பேசினேன் என்று நானே நம்பிவிட்டேன்.

குவாக் அம்மா சிரிக்கவில்லை.

“அப்ப, கண்ணால பாத்ததையே நம்ப முடியாத ஆளையா நாம வாசல்ல வெச்சிருக்கோம்?”

பாடத்தில் இல்லாத கேள்வி.

அவர் பியோவிடம் திரும்பினார். “கடைசியா கேக்கறேன். பாத்தது நிஜம்னா பேரைச் சொல்லுங்க, வேலையில இருங்க. கனவுதான்னா இந்த மாசத்தோட கிளம்பிடுங்க.”

மா கிழவர் குறுக்கிட்டு, “முதல்ல அந்தக் கத்தரிக்கோலைப் பிடுங்கி வைங்கப்பா” என்றார்.

பியோ தொப்பியிலிருந்த தூசியைத் தட்டினார்.

“படிச்சவரு சொல்றாரு. கனவாத்தாம்மா இருக்கும்.”

தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். நல்லவன் என்ற பெயரைப் பாதியில் விட எனக்கு மனசு வராது.

“பியோ அண்ணே, நான் உங்களைக் காப்பாத்தத்தான் பேசினேன். அது இப்படி முடியும்னு நினைக்கல.”

“பரவாயில்லைங்க வாத்தியாரய்யா.”

“வேற எங்கயாவது வேலைக்குச் சொல்லிப் பாக்கறேன்.”

“பாருங்க. எப்படியும் நான் போறவன். நீங்க இங்கயே குடியிருக்கணும்.”

நாலு படி இறங்கியவர் நின்றார். மேலே யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பி ஏறி வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“இறங்கி அந்தக் கீறலைத் தொடச்சீங்களே, அந்தக் கைக்குட்டையை வீட்டுல துவைக்கப் போட்டுடாதீங்க. வெள்ளைப் பெயிண்ட் லேசுல போகாது, உங்க வீட்டம்மா கேப்பாங்க.”