பாதியில் நிற்கும் பச்சைக் கோடு

லினக்ஸ் கணினியில் சிடி எழுதும் மென்பொருள் மறுபடியும் பாதியில் உறைந்து நின்றுவிட்டது. பெனிட்டா கொழுந்தன் ஜெரால்டுக்குப் போன் போட்டாள்.

"எழுதும்போது வேற எதையும் தொறக்காதீங்க மைனி. பழைய மெஷினு, தாங்காது. அம்மாவுக்கு சிடி போட்டுக் கேக்க மட்டுந்தான் தெரியும். அண்ணன் குரலுக்குத் தவியாத் தவிக்காவ."

"நான் ஒண்ணும் தொறக்கலையே."

பொய். சிடியில் குரல் ஏற ஏற, இறந்துபோன கணவன் இன்னொரு வீட்டுக்குக் கிளம்பிப் போவதுபோல் இருக்கும். உடனே அவன் பேசிய அந்தப் பதிவைத் திறந்து கேட்டுவிடுவாள்.

மிச்சமிருந்த ஒரே சிடியைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் எழுதிய அளவைக் காட்டும் பச்சைக் கோடு பாதியை நெருங்கியது. அந்தப் பதிவில் அவன் முதலில் கேட்பது, "பெனி, கேக்குதா?" என்றுதான்.

வலது கை தானாக வெளியே வந்தது.