அரை அரிசிக் கருவி

இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் எழுதிய கை விளங்காமல் போகட்டும். துபாய் அல் கூஸில் நடந்தது நடந்தபடியே வருகிறது.

“எறும்புக்கா சார் வைக்கப் போறோம்? மனுச நெஞ்சுக்குள்ளதான?” என்று கத்தினான் ஜெப்ரின்.

நெஞ்சுக்குள் ரத்த அழுத்தத்தை அளந்து, வயரில்லாமல் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கருவி அது. டிசைன் அவனுடையது. வெள்ளைச் செராமிக்கில், ஒரு பாஸ்மதி அரிசியில் பாதி. ஆறு தடவை குறைத்தாயிற்று. சேல்ஸிலிருந்து மேனேஜரான ரகுநாதனுக்கு மட்டும் இன்னும் பெரிதாகவே தெரிந்தது.

மட்டன் பிரியாணியைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “இன்னும் சின்னதாக்கு. அப்புறம் லீவைப் பத்திப் பேசு.”

“திங்கக்கிழமை தங்கச்சி கல்யாணம் சார். அப்பா இல்ல. மாதா கோயிலுக்குள்ள அவ கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போக நான் ஒருத்தன்தான் உண்டு. இன்னைக்கு ஃபிளைட்டு.”

“கேன்சல் பண்ணு. கலாஸ், பேச்சு முடிஞ்சுது!”

சொன்ன வேகத்தில் மேசையை ஓங்கிக் குத்தினார். டிபன் மூடியில் இருந்த கருவி தவளை மாதிரி எம்பிப் பிரியாணிக்குள் விழுந்தது. ஜெப்ரின் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கவளம் ரகுநாதனின் தொண்டையைத் தாண்டிவிட்டது.

“சார், முழுங்கிட்டீங்க!”

“எதைய்யா?”

“எனக்க ஆறு மாச உழைப்ப!”

“திமிரா உனக்கு? சாம்பிளைத் தொலைச்சுட்டு என் வயித்து மேல பழி போடுறியா? வேலையை விட்டே தூக்கிடுவேன்!”

“தூக்கும் சார்! நெஞ்சுக்கு வைக்க வேண்டியத மென்னு தின்னவர்னு ஊரெல்லாம் சொல்லிட்டுப் போறேன்!”

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இஃப்பத், எலக்ட்ரானிக்ஸ் பார்க்கும் கொழும்புப் பெண், மவுஸிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: “கத்த வேணாம் சார். சிக்னல் வருது.”

திரையில் ஒரு பச்சைக் கோடு விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது.

“என்னது அது?”

“உங்கட வயிறு சார்.”

“பொய்!” என்று அலறினார் ரகுநாதன். கோடு துள்ளிச் சிவப்பானது.

“இப்பிடிச் சிவப்புலயே நிண்டா பேட்டரி சூடாகும். உள்ளுக்கே வெடிச்சாலும் வெடிக்கும்.”

ரகுநாதனின் குரல் பாதியாக இறங்கியது. “என்னம்மா செய்யணும் இப்ப?”

“கோவத்த விட்டுட்டு நல்ல காரியம் ஏதாச்சும் செய்ங்க.”

ஜெப்ரினுக்குக் கோபம் ஆறவில்லை. பல்லைக் கடித்தபடி லீவ் பேப்பரை நீட்டினான். ரகுநாதன் பேனாவைத் திறந்தார்; கோடு லேசாக இறங்கியது. பத்து நாள் என்று எழுதினார், இன்னும் இறங்கியது.

“பதினஞ்சுன்னு போடுங்க சார், தரைக்கே வந்துரும்” என்றாள் இஃப்பத், மவுஸை நகர்த்தியபடி.

போட்டார். கையெழுத்து முடிந்ததும் கோடு, உண்ட மயக்கத்தில் இருப்பதுபோல் நீட்டிப் படுத்துவிட்டது.

திங்கட்கிழமை ஜெப்ரின் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்தான்.

அவன் மெக்கானிக்கல் எஞ்சினியர். செய்தது வெறும் கூடு. அதற்குள் வைக்க வேண்டிய சென்சாரும் பேட்டரியும் அன்றைக்கும் ஏர்போர்ட் கஸ்டம்ஸில், பிரிக்காத பெட்டியில் கிடந்தன.