கையில் பட்ட பந்து

இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒழுங்கைக்குள் திரும்பிய சத்தம் கேட்டதும், அஸ்கி சோற்றுப் பீங்கானை அப்படியே கதிரையில் வைத்துவிட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான். கைகூடக் கழுவவில்லை.

"உம்மா, நான் இல்லண்டு செல்லுங்க" என்று மட்டும் சொல்லிப் போனான்.

முன்னால் வந்து இறங்கியவர் அச்சிமுகம்மது ஹாஜியார். மரம் விற்கும் மரக்காலைக்காரர், அஸ்கி விளையாடும் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவர். அவர் காரணமில்லாமல் எவர் வீட்டு வாசலையும் மிதிக்கிற மனிதர் இல்லை. காரணம் என்னவென்று அஸ்கிக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை இறுதிப் போட்டி. ஆட்டம் முடியப்போகிற நேரம், இரண்டு பக்கமும் சமநிலை. கோல் கம்பத்துக்கு முன்னால் பாய்ந்து தடுத்த, பின்வரிசையில் ஆடும் அஸ்கியின் கையில் பந்து பட்டுவிட்டது. மத்தியஸ்தர் காணவில்லை, கொடி பிடித்தவரும் காணவில்லை. எதிரணிப் பிள்ளைகள் மட்டும் தலையில் கை வைத்துக் கத்தினார்கள். மத்தியஸ்தர் அதைக் காதில் வாங்காமல், ஆட்டம் நடக்கட்டும் என்று கைகாட்டினார்.

அப்போதுதான் இவன் தன் கையைத் தானே தூக்கினான். "பட்டது சேர்" என்றான்.

பெனல்டி. கோல். கிண்ணம் போனது. வெற்றி விருந்துக்கென்று ஹாஜியார் வாங்கிக் கட்டியிருந்த மாடு ஒன்றுதான் அந்தத் தோல்வியில் நன்மை கண்டது.

அன்றிலிருந்து ஊர் அவனைப் பிய்த்து எடுத்தது. அவன் கை தூக்கி நிற்கிற வீடியோ ஒவ்வொரு போனிலும் ஓடியது. எதிரணிக்கு விலைபோனவன் என்றார்கள். தேத்தண்ணிக் கடை வாங்கில் அவனுக்கு இடம்விட ஒருவரும் அசையவில்லை. ஒன்றாக விளையாடி வளர்ந்த பஸால்கூட, "பெரிய அவுலியா இவரு. சுவர்க்கத்துல கோல் கீப்பர் வேல காலியா இரிக்காம், போ" என்று முகத்துக்கு நேரே சொன்னான்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டான். நேற்று மேசன் பாயிஸ் நானா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அவருக்குக் கீழேதான் இவன் சீமந்து குழைத்துக் கொடுக்கிறான். ஹாஜியாரின் ஆட்கள் வேலைத்தலத்துக்கே வந்து இவனைத் துருவித் துருவி விசாரித்துப் போயிருக்கிறார்கள். பொடியன் போதைத் தூள் பாவிக்கிறானா, யார் யாரோடு திரிகிறான், எந்த வழியால் வீட்டுக்குப் போகிறான் என்றெல்லாம் கேட்டார்களாம். முடக்குக் கடையிலும் அதே விசாரணை. அங்கே இன்னொன்றும் கூடக் கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு மூத்த ராத்தாவைக் கட்டிக் கொடுத்தாச்சா என்று.

இரவு முழுக்கப் புரண்டு புரண்டு அஸ்கி எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தான். தூள் வழக்கில் மாட்டி உள்ளே தள்ளப் பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் வழியில் மறித்துக் காலை முறிப்பார்கள், இனி எந்த மைதானத்திலும் இறங்கக் கூடாதென்று. ராத்தாவைப் பற்றிக் கேட்டது, வீட்டில் மச்சான் என்று ஓர் ஆம்பிளை இருக்கிறானா என்று நோட்டம் பார்க்கத்தான். வாப்பா மௌத்தாகிவிட்டார். மச்சான் ராத்தாவையும் கூட்டிக்கொண்டு கட்டாருக்குப் போய்விட்டார். இந்த வளவில் இருப்பது உம்மாவும் அவனும் மட்டும்தான்.

ஹாஜியார் ஸலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். உம்மா சபூறா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, கதிரைகளை எடுத்துப் போட்டாள். மகன் எங்கே என்று அவர் கேட்டார். சவளக்கடைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான் என்றாள் உம்மா.

ஹாஜியார் கதிரையில் இருந்த பாதிச் சோற்றைப் பார்த்தார். கூட வந்தவர்களோடு பக்கத்துக் கதிரைகளில் உட்கார்ந்தார்.

பின்பக்கத்து மதில் இடுப்பளவுதான். பாய்ந்தால் கடற்கரை. மணலில் ஓடப் பழகிய கால், பெரியநீலாவணை வரைக்கும் எவனும் எட்டிப் பிடிக்க மாட்டான். அஸ்கி ஒரு காலைத் தூக்கி மதிலில் வைத்தும்விட்டான்.

அந்நேரம் உம்மாவின் குரல் கேட்டது.

"வாப்பா இல்லாத புள்ள ஹாஜியார். அவன் செஞ்சது பிழயெண்டா, ஏசுறத என்னய ஏசிட்டுப் போங்க."

தூக்கிய காலை இறக்கினான். பந்து பட்டது அவன் கையில். அதற்கு உம்மா எப்படிக் கை தூக்குவது? விரலில் காய்ந்த சோற்றோடு, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வந்தான்.

"நான் இஞ்சதான் இரிக்கன். உம்மா பயத்துல பொய் செல்லிட்டா, மாப்புச் செய்ங்க. அடிக்கிறண்டா வெளியால கூட்டிப்போய் அடிங்க. உம்மாட கண்ணுக்கு முன்னால வேணாம்."

ஹாஜியார் எழும்பினார். கூட வந்தவர்களும் எழும்பினார்கள். கதிரைக் கால்கள் சீமந்துத் தரையில் கிரீச்சிட்ட சத்தத்தில் அஸ்கி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அடி விழவில்லை.

"ரெபரி காணல்லயே மனே. பொறகு என்னத்துக்குக் கை தூக்கின?"

"நான் கண்டன்தானே."

ஹாஜியார் அவன் தோளில் தட்டினார். பிறகு சபூறாவின் பக்கம் திரும்பினார்.

"எங்கட மகளுக்கு இவனத்தான் மாப்புள கேட்டு வந்திரிக்கம், தங்கச்சி."