சந்தனம் வைத்த பேட்டரி

பழைய காரில் தணிகாசலம் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம் வந்ததோடு சரி.

"முடியலைன்னா சொல்லிடுங்க அண்ணே," என்றது ஸ்டார்ட்டர் மோட்டார்.

"நான் முழுசாத்தான் கொடுக்கிறேன் தம்பி," என்றது பேட்டரி. "என் முனைக்கும் வயர் மாட்டுற கவ்விக்கும் நடுவுல ஆறு ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து கிடக்கு. அதைத் தாண்டி உன்கிட்ட வர முடியலை."

"அதைச் சுரண்டிட்டா?"

"சாமிக்கு வெச்சதை யாரு சுரண்டுவா?"

தணிகாசலம் பேட்டரியைக் கழற்றி, செத்துப்போச்சு என்று தரையில் வைத்தார். புதியதை வாங்கி வந்தார். கண்ணை மூடிக் கும்பிட்டு, அதன் இரண்டு முனைகளிலும் கெட்டியாகச் சந்தனம் வைத்து, அதே கவ்விகளை மாட்டினார்.

தரையில் கிடந்த பேட்டரிக்கு மறுபடியும் 'டக்' கேட்டது.

"உன்னாலயும் முடியலையா?" என்றது ஸ்டார்ட்டர் மோட்டார்.