பின் சீட்டில் யார்?

பெண் பார்க்க வந்த பிரேம்குமார் காபியை வாயில் வைப்பதற்குள் ராசாங்கம் கேட்டுவிட்டார்.

"தம்பி, உங்க வண்டி மேல ஒரு ஃபைன் விழுந்திருக்கே?"



வண்டி நம்பரைத் தட்டினால் அபராத விவரம் போனிலேயே தெரியும் என்று யாரோ சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து ராசாங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பால் வேன், மினி பஸ், ஊராட்சித் தலைவரின் கார் என்று செந்துறையில் ஒரு வண்டியை அவர் விட்டுவைக்கவில்லை. வாசலில் நிற்கும் மாப்பிள்ளையின் பைக்கை மட்டும் விடுவாரா?

"போன மாசம், அரியலூர்ல. ஹெல்மெட் போடாம போயிருக்கீங்க."

"ஆமாங்க மாமா. தப்புதான். ஃபைன் கட்டிட்டேன்."

"ஒரு தடவதானே, விடுங்களேன்," என்றாள் மனைவி ஜெகதாம்பாள், காபித் தட்டோடு நின்றபடி.

கதவுக்குப் பின்னால் மகள் பாக்யலட்சுமி பல்லைக் கடித்தாள். போன வரனை சிக்னல் தாண்டியதற்காகவே அப்பா திருப்பி அனுப்பியிருந்தார். இவனையோ அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"போட்டோவும் இருக்குமாம். வண்டிக்காரர் போனுக்கு வர்ற ஓடிபி போட்டாத்தான் தொறக்கும். சொல்லுங்க தம்பி, பார்த்துடுவோம்," என்றார் ராசாங்கம்.

பிரேம்குமார் தயங்கினான். "போட்டோ எதுக்குங்க மாமா?"

யாராவது தயங்கினால் ராசாங்கத்துக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. "ஒளிக்க ஒண்ணுமில்லன்னா காட்டுறதுக்கு என்ன?"

மாப்பிள்ளையின் அம்மா செல்வம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "காட்டுடா. எம்புள்ள என்ன கொலையா பண்ணிட்டான்?"

ஓடிபி வந்தது. போட்டோ திறந்தது.

பிரேம்குமார் வெறுந்தலையோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். பின் சீட்டில், அவன் தோளைப் பிடித்தபடி ஒரு பெண். அவள் தலையில் ஹெல்மெட். கண்ணாடி இறங்கியிருந்ததால் முகம் தெரியவில்லை.

ராசாங்கம் போனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். குரலில் திருவிழாக் களை.

"தன் ஹெல்மெட்டக் கழட்டி மாட்டி விடுற அளவுக்கு யாரு தம்பி இது?"

"தெரிஞ்சவங்க."

"பேரு?"

பிரேம்குமார் காபி டம்ளரைக் கீழே வைத்தான். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் உள்ளே ஓடியது.

"யாருடா அவ?" என்று செல்வம்மாளே எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மா, வா, கிளம்புவோம்."

"கிளம்புங்க, கிளம்புங்க. நல்லவேளை, கவர்மெண்டே போட்டோ புடிச்சு வச்சிருக்கு," என்றார் ராசாங்கம்.

"தம்பி, உக்காருங்க."

ஜெகதாம்பாள் தட்டைக் கீழே வைத்தாள். கணவர் கையிலிருந்த போனை வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கி, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஊரு வண்டி நம்பரெல்லாம் தெரியுது, பொண்டாட்டி புடவை தெரியலயே உங்களுக்கு. அது நாந்தாங்க."

முதலில் சிரித்தது செல்வம்மாள். உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே ஓடிய வளையல் சத்தம் போன வேகத்திலேயே கதவுக்குத் திரும்பியது.

"நீயா?" ராசாங்கத்துக்கு நாக்குக் குழறியது. "நீ எதுக்கு அங்க போன?"

"நீங்க வண்டிய மட்டுந்தானே பாப்பீங்க. புள்ள எப்படின்னு பாக்கலாம்னு, இவரு வேல பாக்குற சிமெண்ட் ஆலை வாசலுக்கு ஒங்களுக்குத் தெரியாமப் போனேன். திரும்பி வர பஸ் இல்ல. நான் யாருன்னே தெரியாம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விட்டாரு."

ஜெகதாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் காபி குடுக்குறப்ப அடையாளம் கண்டுக்கிட்டாரு. சொல்லிடாதீங்கன்னு கண்ணத்தான் காட்டினேன். அதுக்காவ, அந்தப் புள்ள இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கிட்டு நிக்குது."