பின்னால் நிற்பவன்

"மேக்னம் துப்பாக்கிதான் சரி," என்றார் துப்பாக்கிக் கடை முத்தலிபு ராவுத்தர். "உதைக்கும். தோள்பட்ட ஒரு வாரத்துக்கு உங்க பேச்சக் கேக்காது. ஆனா யானைய நிறுத்தும்."

ஊரைக் கலங்கடித்த ஒற்றைக் கொம்பனைச் சுட அனுமதி வாங்கி வந்திருந்த கனகசுந்தரம் தலையசைத்தான். ஈயமுனைக் குண்டுகளை ராவுத்தர் ஒதுக்கினார். அவை மானுக்கு ஆகும். யானையின் மண்டையெலும்பில் நசுங்கிப்போகும். கெட்டிக் குண்டு ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். சில்லென்று கனத்தது.

"பின்னால யாரு நிப்பா?"

கனகசுந்தரம் குண்டை விரல்களுக்குள் மூடிக்கொண்டான்.

"முதக் குண்டு தப்புச்சுன்னா ரெண்டாவத போட ஆள் வேணும்ங்க. ஒத்த ஆளுக்கு இத நான் விக்கிறதில்ல. உங்க வீட்டம்மா சாபம் எனக்கு எதுக்கு?"

சாபம் விட வீட்டில் யாருமில்லை என்பதை அவன் சொல்லவில்லை.

"தம்பி நிப்பான்," என்றான்.

போன மழைக்காலத்தில் கொம்பன் மிதித்துக் கொன்றது அந்தத் தம்பியைத்தான்.

"அப்ப அவருக்கும் ஒண்ணு பாத்துருவோம். எவ்வளவு உசரம் இருப்பாரு?"

கனகசுந்தரம் இடக்கையைத் தன் காதளவுக்கு உயர்த்தி, ஒரு தலைமேல் வைப்பதுபோல நிறுத்தினான். தம்பி எப்போதும் நிற்கிற பக்கம் அது.

"எந்தக் கையால சுடுவாரு?"

"எடது."

ராவுத்தர் இரண்டாவது துப்பாக்கியையும் துடைத்து மேசைமேல் வைத்தார். "அவர உள்ள வரச் சொல்லுங்க. தோள்ல வெச்சுப் பாத்துரலாம்."

கனகசுந்தரம் கையை இறக்காமலே வாசலைத் திரும்பிப் பார்த்தான்.