நாலு சிக்னல் தூரம்

ஓய்ந்த முகத்துக்கு முதலில் வழி என்று சிக்னல் கேமராக்கள் முடிவுகட்டியதும் மதுரையே வண்டியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது. எல்லோரும் விட்டதில் யாருக்கும் வழி கிடைக்கவில்லை. பொய்க் கொட்டாவியைக் கேமராக்கள் இப்போது சீந்துவதே இல்லை.

நர்ஸ் மலர்க்கொடியின் களைப்பு அசல். ஷிப்ட் முடிந்து அவள் கணவனின் பைக்கில் ஏறினால் நாலு சிக்னலும் மளமளவென்று பச்சையாகும். பத்தே நிமிடத்தில் வீடு. அவளை இறக்கிவிட்டு பாண்டீஸ்வரன் மில்லுக்கு ஓடுவான். அவன் திரும்பும்போது அவள் தூங்குவாள், அவள் கிளம்பும்போது அவன்.

சேர்ந்திருப்பது இந்தப் பைக்கில் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு கதை சொல்லி அவளைச் சிரிக்க வைப்பான். சிரிக்கிற முகம் காத்திருக்கத்தான் வேண்டும். இதை அவளிடம் அவன் சொன்னதில்லை.

இன்று கடைசி சிக்னலில் அவள் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது. பாவம், சீக்கிரம் போகட்டும் என்று பேசாமல் இருந்தான்.

"ஏங்க, கதை ஒண்ணும் இல்லையா?"

"அசதியா இருக்கியேன்னு விட்டுட்டேன்."

மலர்க்கொடி நிமிர்ந்தாள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.